முக்கொம்பிலிருந்து கல்லணை வரை, அதற்கப்பால் 12 கிலோமீட்டர்

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு. கிழக்கே கல்லணைக்கு அருகில் அது முடிகிறது. முனைக்கு முனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். முக்கொம்பில் புறப்பட்டு, தீவு முழுவதையும் ஓடிக் கடந்து, கல்லணையைத் தொட்ட பிறகும் 12 கிலோமீட்டர் பாக்கியிருக்கும். பயிற்சி போதாத ஒரு மனித உடல் தன்னிடமுள்ள சர்க்கரைக் கையிருப்பைக் காலி செய்வதும் அந்த 30 கிலோமீட்டரை ஒட்டித்தான். மாரத்தானின் கஷ்டமெல்லாம் கல்லணைக்கு அப்பால் இருக்கிறது.

ஜனவரித் தொடக்கத்தில் சென்னை மாரத்தான் நடக்கிறது. திருச்சியில் ஓடிப் பழகியவர்களுக்கு முதல் பெருநகர மாரத்தானாக அமைவது பெரும்பாலும் இதுதான். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் எழும்பூர். முதல் தடவை போகிறவர்கள் ஷூவையும் கைக்கடிகாரத்தையும் தங்குமிடத்தையும் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஓட்டத்தைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு. தசைக்குள் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பது ஒன்று. உடலில் பிறக்கும் வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பது இன்னொன்று. இரண்டுமே ரயில் ஏறுவதற்குப் பல வாரம் முன்னால், ஊரிலேயே பெருமளவு முடிவாகிவிடுகின்றன.

சர்க்கரைக் கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓடிச் சுமக்க ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறுவதில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முழு மாரத்தானுக்கு 2,500 கிலோகலோரி வேண்டும். உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். இரண்டும் சேர்ந்து 2,000 கிலோகலோரி. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தசையில் உள்ள கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விட, கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி தேவை. தசையில் அது கிடையாது. ஆகவே கையிலும் தோளிலும் இருக்கும் கையிருப்பு கால்களுக்கு நேரடியாக உதவாது. கால் தசைகள் தங்களிடம் உள்ளதையும், கல்லீரல் அனுப்புவதையும், கொழுப்பையும் வைத்துத்தான் ஓட வேண்டும். அதே கல்லீரல்தான் மூளைக்கும் குளுக்கோஸ் அனுப்புகிறது. அது வற்றும்போது கால் கனப்பதோடு நிற்பதில்லை. எந்த கிலோமீட்டரில் இருக்கிறோம் என்ற நினைவே குழம்பும், காரணமில்லாமல் அழுகை வரும். ஓடுகிறவர்கள் இதைச் ‘சுவரில் மோதுவது’ என்கிறார்கள்.

இது மனத்தளர்ச்சி இல்லை, ரத்தத்தில் அளக்கக்கூடிய ஒன்று என்று முதலில் காட்டியவர்கள் பாஸ்டன் மருத்துவர்கள். 1924-இல் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். தளர்ந்து விழுந்தவர்களின் சர்க்கரை அளவு மிகவும் இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு ஓட்டத்துக்கு முன்பு மாவுச்சத்து உணவும், ஓடும்போது மிட்டாயும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும் வித்தியாசம் தெரிந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ராம், ஹல்ட்மன் என்ற இருவர் தங்கள் மேலேயே செய்துகொண்ட சோதனையை நான் இந்தத் துறையின் மிக அழகான சோதனை என்பேன். ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள், கால் ஓயும்வரை. மற்றக் கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவு. தினமும் இரு தொடைகளிலும் ஊசியால் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் மற்றக் காலைவிட இரு மடங்குக்கு ஏறியிருந்தது. ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. உழைத்த தசை மட்டும் கூடுதலாகச் சேமித்தது. 1966-இல் வெளியான முடிவு இது. ஓட்டத்துக்கு முன்பு மாவுச்சத்தைக் கூட்டிச் சாப்பிடும் வழக்கம், ஓடுகிறவர்கள் சொல்லும் ‘கார்போ லோடிங்’, அங்கிருந்துதான் வந்தது.

இதற்குத் தனியாக எந்தப் பொடியும் வாங்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு நாள், உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து போதும். 60 கிலோ ஆளுக்கு 500 கிராம் அளவில் வரும். வெறும் சோறாகச் சாப்பிட்டால் நாளுக்கு ஒன்றே முக்கால் கிலோ ஆகும், யாராலும் முடியாது. சோறு, இட்லி, வாழைப்பழம், பானகம் என்று நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டால் முடியும். கீரை, சுண்டல், பச்சைக் காய்கறி, எண்ணெய்ப் பலகாரம் எல்லாவற்றையும் அந்த இரண்டு நாள் குறைத்துக்கொள்ள வேண்டும். குடலில் இடமும் வேண்டும், மறுநாள் காலை தொந்தரவும் கூடாது. எடை ஒன்றிரண்டு கிலோ ஏறினால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் நீரோடு சேர்ந்துதான் சேமிப்பாகிறது.

வைகுண்ட ஏகாதசி இந்த நாட்களை ஒட்டியே வருகிறது. 2025-இல் சென்னை மாரத்தான் ஜனவரி 5, ஏகாதசி ஜனவரி 10. ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக்கு முன் வரும் பகல் பத்து தொடங்கிவிட்டால் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் ஓட இடம் கிடைக்காது. அது ஒரு வகையில் நல்லது. கடைசி இரண்டு வாரம் ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொள்வதுதான் ஆய்வுகள் ஆதரிக்கும் முறை. உபவாசம் இருக்கிறவர்களுக்கு ஒரு சொல்: ஒரு நாள் முழுப் பட்டினியில் கல்லீரல் கிளைக்கோஜன் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏகாதசி ஓட்டத்துக்கு நான்கைந்து நாள் முன்பு வந்தால் மீண்டும் நிரம்ப நேரமிருக்கிறது. முந்தின நாள் வந்தால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

சேமிப்பைக் கூட்டுவது ஒரு வழி. செலவைக் குறைப்பது இன்னொரு வழி. மாதக்கணக்கில் பயிற்சி செய்வது அதற்காகத்தான். ஒல்லியான ஒருவரின் உடலில்கூடக் கொழுப்பாக 50,000 கிலோகலோரிக்கு மேல் இருக்கும், பல மாரத்தான்களுக்குக் காணும். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும், ஆக்சிஜனும் கூடுதலாகக் கேட்கும். அதை எரிக்கும் இடம் தசைச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. 1967-இல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளைச் சில மாதங்கள் ஓடவிட்டு, அவற்றின் கால் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரு மடங்காவதைக் காட்டினார். மனிதர்களிலும் அப்படியே. புதிய மைட்டோகாண்ட்ரியா, தசை நார்களைச் சுற்றிப் புதிய ரத்த நுண்குழாய்கள், ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளும் இதயம். இவை கூடக்கூட அதே வேகத்தில் ஓடும்போது கொழுப்பின் பங்கு ஏறும், சர்க்கரையின் பங்கு இறங்கும். ‘சுவர்’ 30-வது கிலோமீட்டரிலிருந்து பின்னால் நகரும், நன்றாகப் பயிற்சி செய்தால் முடிவுக்கோட்டுக்கே அப்பால் போகும்.

இந்த மாற்றங்களைத் தருவது பெரும்பாலும் மெதுவான ஓட்டம். கூட ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழு மதில்களின் மொத்த நீளம் 32,592 அடி என்பார்கள். பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாரத்தானுக்குத் தயாராகிறவர் வாரத்தில் அதைப்போல நான்கைந்து மடங்கு ஓட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ‘லாங் ரன்’ மட்டும் படிப்படியாக நீண்டு, ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு 30 கிலோமீட்டரைத் தொடும். ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்காவல், உத்தமர்சீலி வழியாகக் கல்லணை போகும் சாலை அதற்கு வாய்ப்பானது. நிழலும் உண்டு, ஏற்றமும் இல்லை.

மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் தேற மாதங்களாகும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது; ஒரு மாரத்தானில் சுமார் 40,000 அடிகள். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆகவே அது மெதுவாகத்தான் தன்னைப் புதுப்பிக்கிறது. மூச்சு வாங்கவில்லை என்பதற்காகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்குக் கணுக்காலிலும் முழங்காலெலும்பிலும் வலி வருவது இதனால்தான். பங்குனித் திருநாளில் ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் ஜீயபுரத்துக்கும் உறையூருக்கும் எழுந்தருளும்போது ஸ்ரீபாதந்தாங்கிகள் தோளில் சுமையோடு, வெறுங்காலால், ஆற்று மணலைக் கடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால்கள் சிறு வயதிலிருந்து ஆண்டுக்கணக்கில் சுமை ஏற்று இறுகியவை. நான்கு மாதத்தில் அப்படி ஆகிவிட முடியாது. அதை நினைவில் வைத்துத்தான் பயிற்சி அட்டவணை போட வேண்டும்.

இனி வெப்பம். நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெளிநாட்டுப் புத்தகங்களில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாகிறது. மீதி வெப்பம். 60 கிலோ ஆள் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு 400 கிலோகலோரி வெப்பம் பிறக்கும். அது வெளியேறாமல் உள்ளேயே தங்கினால், எட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறும்; அரை மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. அப்படி ஆகாமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துப் போகும். ‘முழுதும் ஆவியானால்’ என்பதைக் கவனிக்க வேண்டும். சொட்டி விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் தடைப்படுகிறது. சென்னையில் ஜனவரிக் காலை வெப்பமானி காட்டும் எண் திருச்சியில் காட்டுவதைப் போலவேதான் இருக்கும். மெரினா ஓரம் ஓடும்போது பனியன் பிழியப் பிழிய நனைவதற்கும், உடல் மட்டும் சூடாகவே இருப்பதற்கும் காரணம் அந்த ஈரம்.

உடல் வெப்பத்துக்குப் பழகும். 1930-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் வெப்பத்தால் மடிந்தபோது, புதியவர்களைச் சூடான அறையில் சிறுகச் சிறுக வேலை செய்யவைத்துப் பழக்கிய பின்பே சுரங்கத்தில் இறக்கும் முறை உருவானது. பிறகு வந்த ஆய்வுகள் உள்ளே நடப்பதை விளக்கின. முதல் வாரத்திலேயே ரத்தத்தின் பிளாஸ்மா அளவு கூடுகிறது. இதயத் துடிப்பு இறங்குகிறது. பத்துப் பதினான்கு நாளில் வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதிகமாகச் சுரக்கிறது, உப்பும் அதில் குறைகிறது. ஆனால் இந்தப் பழக்கம் தங்குவதில்லை. வெப்பத்தில் உழைப்பதை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி போய்விடும்.

திருச்சி ஓட்டக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இது. செப்டம்பர் வெயில் தந்த பழக்கத்தை, மார்கழியில் நாலரை மணி இருட்டில் மட்டும் ஓடி இழந்துவிடலாம். மெதுவாக ஓடுகிறவர் ஐந்து மணி நேரமாவது எடுத்துக்கொள்வார். விடியுமுன் தொடங்கினாலும் கடைசி ஒன்றரை இரண்டு மணி நேரம் அவருக்கு வெயிலில்தான். வேகமானவர்கள் முடித்து நிழலில் அமர்ந்த பிறகு, பயிற்சி குறைந்தவர்கள் சூடான தாரில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே டிசம்பரிலும் வாரத்துக்கு இரண்டு நாளாவது எட்டு மணி வெயிலில், தூரத்தைக் குறைத்து, நீரோடு ஓடுவது நல்லது. வேகக் கணக்கையும் மாற்ற வேண்டும். 2001 முதல் 2010 வரை பெர்லின், பாஸ்டன், சிகாகோ, லண்டன், நியூயார்க், பாரிஸ் மாரத்தான்களில் ஓடிய சுமார் 18 லட்சம் பேரின் நேரங்களை ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று, ஓட்டத்தைப் பாதிக்கும் சூழல் காரணிகளில் வெப்பநிலையே முதன்மை என்று கண்டது. பெரும்பாலானவர்களுக்குப் பத்து டிகிரிக்குக் கீழேதான் மிகச் சிறந்த நேரம் வருகிறது. 2023-இல் கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் மாரத்தானை 2:00:35 நேரத்தில் ஓடியதும் சிகாகோவின் குளிர்ந்த அக்டோபர்க் காலையில். அந்த ஊர்களுக்காக எழுதப்பட்ட அட்டவணையைச் சென்னையில் பின்பற்றுவது என்னைப் பொறுத்தவரை ஆபத்தான காரியம். கிலோமீட்டருக்கு அரை நிமிடம் விட்டுக்கொடுத்துத் தொடங்குங்கள். மும்பை போகிறவர்களுக்கு ஈரத்தோடு பெட்டர் ரோடு ஏற்றமும் சேரும். திரும்பி வரும்போது, கால் ஓய்ந்த நேரத்தில் அது எதிரே நிற்கும். காவிரிப் பாலத்தின் சரிவைத் தவிர ஏற்றம் பார்க்காத கால்களுக்கு மலைக்கோட்டைப் படிகள் அதற்கு நல்ல பயிற்சி.

வெப்பம் என்றதும் நிறைய நீர் குடிக்கச் சொல்வார்கள். அளவு மீறிக் குடிப்பதும் கொல்லும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடத் தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள் இவர்களுக்குத்தான் அது அதிகம். சோடியம் தாழ்ந்தால் மூளை வீங்கும். எவ்வளவு குடிப்பது என்பதை ஊரிலேயே அளந்துகொள்ளலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோ என்பது ஒரு லிட்டர் வியர்வை. தாகத்துக்குக் குடித்து, எடை சற்றுக் குறைந்தே முடிப்பதுதான் சரி.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். குடலில் குளுக்கோஸுக்கு ஒரு வழி, ஃபிரக்டோஸுக்கு வேறு வழி. தனித்தனிப் புரதங்கள் அவற்றை உள்ளே எடுக்கின்றன. இரண்டும் கலந்து வந்தால் மொத்தமாக அதிகம் செரிக்கும். விலை உயர்ந்த ‘ஜெல்’களின் ரகசியம் இவ்வளவுதான். வெல்லத்தின் சுக்ரோஸ் உடைந்தால் சரிபாதி குளுக்கோஸ், சரிபாதி ஃபிரக்டோஸ். லிட்டருக்கு 60, 70 கிராம் வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எலுமிச்சை, சுக்கு: பானகம் இந்த வேலையைச் செய்யும். எதுவானாலும் ‘லாங் ரன்’னில் குடித்துக் குடலைப் பழக்கியிருக்க வேண்டும். சென்னையில் யாராவது நீட்டும் புதிய பொட்டலத்தை அன்றைக்குப் பிரிக்கக் கூடாது.

பயணத்துக்கு வருவோம். ஓட்டம் ஞாயிறு என்றால் வெள்ளி இரவு ரயில்தான் என் பரிந்துரை. சனி இரவு ஏறி நேராகத் தொடக்கக் கோட்டுக்குப் போவது முதல் மாரத்தானுக்கு வேண்டாம். புது இடத்தில் முதல் இரவு தூக்கம் கெடும். 2016-இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்நிய இடத்தின் முதல் இரவில் மூளையின் இடது பாதி ஆழ்ந்து உறங்காமல் விழிப்போடு இருப்பதைப் பதிவு செய்தார்கள். ரயிலிலும் விடுதியிலும் இரண்டு இரவும் அரைத் தூக்கம்தான் வரும் என்று எண்ணிக்கொண்டு, அந்த வாரத்தின் முந்தைய இரவுகளில் வீட்டில் சீக்கிரம் படுப்பது நல்லது. ஓரிரவுத் தூக்கம் கெட்டால் ஓட்டம் கஷ்டமாகத் தோன்றும், ஆனால் தசையின் திறன் பெரிதாகக் குறையாது. ஏசிப் பெட்டியின் வறண்ட காற்றில் தொண்டை காயும், கையில் நீர் இருக்கட்டும். சனிக்கிழமை ‘பிப்’ என்னும் எண் சீட்டை வாங்கப் போகும் அரங்கில் மணிக்கணக்கில் நின்று சுற்றிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

நேப்பியர் பாலத்தருகே இருட்டில் ஆயிரக்கணக்கானவர்களோடு நிற்கும்போது அட்ரினலின் ஏறும். முதல் ஐந்து கிலோமீட்டர் காற்றில் மிதப்பதுபோல் இருக்கும், வேகம் தானாகக் கூடும். வேகம் கூடினால் உடல் கொழுப்பை விட்டுச் சர்க்கரைக்கு மாறும். தொடக்கத்தில் சம்பாதித்த இரண்டு நிமிடத்துக்கு 35-வது கிலோமீட்டரில் இருபது நிமிடம் கொடுத்தவர்கள் ஏராளம். பயிற்சியில் ஓடிய வேகத்தையே பிடித்துக்கொள்ளுங்கள், எல்லோரும் முந்திப் போனாலும்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடக் கூடாது. ஓடும்போது கெண்டைக்கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். பத்து நிமிடம் நடக்க வேண்டும். அப்படி மயங்கியவரைக் காலை உயர்த்திப் படுக்கவைத்தால் சீக்கிரம் தெளிவார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடல் கொதித்தால் அது வேறு, வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல், அந்த இடத்திலேயே பனிநீரால் குளிர்விக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் நடக்கும் கோடை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேர் வெப்பத்தாக்குக்கு ஆளானார்கள். அத்தனை பேரையும் அங்கேயே பனிநீர்த் தொட்டியில் இறக்கினார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. நம் ஊர் ஓட்டங்கள் ஒவ்வொன்றிலும், சிறியதோ பெரியதோ, முடிவுக்கோட்டுக்கு அருகே அப்படி ஒரு தொட்டி இருக்க வேண்டும் என்று ஓடுகிறவர்கள் கேட்க வேண்டும். பதக்கத்தைவிட அதற்குச் செலவு குறைவு.

ஊர் திரும்பும் ரயிலில் கீழ்ப் படுக்கை எடுத்துக்கொள்வது நல்லது. நீட்டப்படும்போதே இறுகி இழுக்கும் தொடைத் தசைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகியிருக்கும். படியேறுவதைவிட இறங்குவது வலிக்கும். ஓரிரு மணிக்கொருமுறை பெட்டிக்குள் நடந்து வாருங்கள். சோறும் பருப்பும் சாப்பிட்டால் சில நாளில் கிளைக்கோஜன் திரும்பிவிடும், தசை ஆற இரண்டு வாரம் வேண்டும். அந்த நாட்களில் வேறு காரணத்துக்காக ரத்தப் பரிசோதனைக்குப் போக நேர்ந்தால், மாரத்தான் ஓடிவந்த செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிரியேட்டின் கைனேஸும், கல்லீரல் பரிசோதனையில் வரும் சில நொதிகளும் ஒரு வாரம் வரைகூட உயர்ந்திருக்கும், மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின்கூட இரண்டு மூன்று நாள் ஏறியிருக்கலாம். ஓடியது தெரியாத மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்தால் ஐசியூவில் படுக்கை தேடுவார்.